செம்மண் சடக்கு – 14: சைக்கிளை விட்டு இறங்காதவர்கள்

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் நிர்வாகங்களின் முன் வைத்த கோரிக்கைகளை இன்று யார் படித்தாலும் உடனே புரிந்துகொள்வார்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு. கள்ளுக்கடையை மூடு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். எங்கள் பெண்களிடம் வரம்பு மீறாதே. பத்துப் பன்னிரண்டு மணி நேர வேலையை நிறுத்து. சங்கம் வைக்க விடு. இவற்றுக்கு நடுவே ஒன்று மட்டும் இன்றைய இளைஞரைத் திகைக்க வைக்கும். வெள்ளைக்காரத் துரையோ தோட்டத்து அலுவலரோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயத்தை எடுத்துவிடு என்பதுதான் அது.

சம்பளமும் கள்ளும் பள்ளிக்கூடமும் உள்ள பட்டியலில் சைக்கிளுக்கு என்ன வேலை? சென்ற வாரம் பெரட்டுக் களத்தைப் பற்றி எழுதினேன். விடியற்காலையில் பெயர் கூப்பிடும்போது யார் நிற்க வேண்டும், யார் உட்காரலாம் என்பதைத் தோட்டம் எவ்வளவு கறாராக வகுத்து வைத்திருந்தது என்று பார்த்தோம். அந்தக் கணக்கு சடக்கிலும் தொடர்ந்தது. இந்த வாரக் கதை அதுதான். மலாக்காத் தோட்டங்களின் சைக்கிள், அதில் ஏறியவர்கள், இன்று அதைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருப்பவர்கள்.

சைக்கிளின் கதையில் மலாக்காவுக்கு ஒரு மூத்த உரிமை உண்டு. மலாயாவில் வாணிப நோக்கத்தோடு ரப்பர் நட்ட முதல் மண் இங்கிருக்கும் புக்கிட் லிந்தாங். சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தின் இயக்குநராக 1888இல் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்துவிட்டு, காப்பி பயிரிட்ட முதலாளிகளிடம் ரப்பர் விதையை நீட்டிக்கொண்டு திரிந்தார். பித்துப்பிடித்தவர் என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். அவர் பேச்சைக் காதில் வாங்கியவர் மலாக்காவின் பாபா சீனர் டான் சாய் யான். 1896 வாக்கில் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் நட்டுப் பார்த்தார். பிறகு குனோங் லேடாங் மலையின் அடிவாரத்தில், புக்கிட் ஆசகானில், ஏறத்தாழ 3,000 ஏக்கருக்குப் போனார்.

அந்த ஆண்டைக் கவனியுங்கள். ஃபோர்டின் டி மாடல் கார் வருவதற்கு இன்னும் 12 ஆண்டு இருக்கிறது. அப்படியிருக்க அன்று உலகம் ரப்பருக்கு ஏன் அலைந்தது? பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தன் பையனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டும் என்று காற்றடைத்த டயரைச் செய்து, 1888இல் உரிமம் வாங்கியிருந்தார். 1896 என்பது இங்கிலாந்தில் சைக்கிள் மோகம் உச்சத்தில் இருந்த ஆண்டு. காருக்கு முன்பே சைக்கிள்தான் கித்தா மரத்துக்கு விலை வைத்தது. பின்னால் காரும் லாரியும் வந்து அந்தக் காட்டைப் பல மடங்காக்கின என்பது வேறு கதை. மலாக்கா ரப்பரின் ஜாதகத்தை எழுதியது சைக்கிள் டயர் என்று நான் துணிந்து சொல்வேன்.

அந்த டயருக்குப் பால் எடுக்கத்தான் தென்னிந்தியாவிலிருந்து ஆள் கொண்டுவந்தார்கள். டெபோங், காடேக், ஜாசின், மெர்லிமாவ் என்று தோட்டம் தோட்டமாக இறக்கினார்கள். ஆனால் பால் எடுத்தவன் அந்த டயரின் மேல் உட்கார ஒரு தலைமுறைக் காலம் ஆயிற்று. முதலில் சைக்கிள் வைத்திருந்தவர் கிராணி. அப்புறம் டிரெஸர், தமிழ்ப்பள்ளி வாத்தியார், வசதியான கங்காணி. ரொட்டிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு வரும் பாய், துணி மூட்டை வைத்துக்கொண்டு வரும் வியாபாரி ஆகியோரின் சைக்கிளும் லயத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். தொழிலாளிக்கு எட்டாததற்குக் காரணம் கூலி. 1930க்கு முன் அரசு நிர்ணயித்த தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாளுக்கு 50 சென்ட், பெண்ணுக்கு 40 சென்ட். உலக மந்தம் வந்ததும் அதுவும் 40, 32 என்று இறங்கியது. கூட்டங் கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினார்கள். அந்த நிலையில் சைக்கிளாவது ஒன்றாவது.

1930களின் பின்பாதியில் நிலைமை கொஞ்சம் மாறியது. ஜப்பானிலிருந்து மலிவான சைக்கிள்கள் மலாயாச் சந்தைக்கு வந்தன. பட்டணத்துச் சீனத் தவ்க்கே தவணைக்கும் கொடுத்தார். இங்கிலாந்து வண்டி வாங்க முடியாதவர் ஜப்பான் வண்டி வாங்கினார். அதையும் வாங்க முடியாதவர் கைமாறி வந்த வண்டியை வாங்கினார். பால் எடுப்பவர் சைக்கிளில் ஏறியதும் தோட்டத்துக்கு ஒரு புதுச் சிக்கல் வந்தது. நடந்து போகிறவன் துரையைக் கண்டால் ஓரமாக ஒதுங்கி நிற்பான். சைக்கிளில் இருக்கிறவன் என்ன செய்வது? அவன் தலை துரையின் தலைக்குச் சமமாக இருக்கிறதே! துரை காரில் வந்தால் துரையைவிடத் தொழிலாளியே உயரத்தில் இருப்பானே! தோட்டம் யோசித்து வைத்த விடை, இறங்கி நில்.

தமிழ்நாட்டுக் கிராமங்களை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மேல்சாதித் தெருவில் செருப்பைக் கழற்று, குடையை மடக்கு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போ என்ற அதே பாடம். அந்தப் பாடத்திலிருந்து தப்பிக் கப்பலேறியவர்களும் பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் வந்து இறங்கியவர்களில் உண்டு. அதே பாடம் தொப்பி போட்டுக்கொண்டு இங்கே காத்திருந்தது. துரைக்கு மட்டும் இறங்கினால் போதாது, துரைக்குக் கீழிருந்த நம் நிறத்து அலுவலருக்கும் இறங்க வேண்டும் என்பதுதான் இதில் கூடுதலாக வலித்த பகுதி. கோரிக்கைப் பட்டியல் இருவரையும் சேர்த்தே சொல்கிறது. நம் வரலாற்றை எழுதுகிறவர்கள் துரையைத் திட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலாக்காத் தோட்டச் சடக்குகள் சமதளமாக இருப்பதில்லை. ஆசகான் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மேடும் பள்ளமுமாக மடிந்து மடிந்து போகும். அன்றைய சைக்கிளுக்குப் பெரும்பாலும் ஒரே கியர். 28 அங்குலச் சக்கரம். வண்டியே ஒரு சுமை. பள்ளத்தில் வேகமெடுத்து, அந்த வேகத்தில் அடுத்த மேட்டில் பாதியை ஏறி, மீதியை எழுந்து நின்று மிதிக்க வேண்டும். நடு மேட்டில் ஒருவன் இறங்கிவிட்டால், அங்கிருந்து மறுபடி ஏறி மிதிக்க முடியாது. உச்சி வரைக்கும் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். பின்னால் சுமையும் இருந்தால் கேட்கவே வேண்டாம். துரைக்குச் செய்த மரியாதை ஒரு நொடி, அதன் கூலி அரை மைல். மானத்தோடு முழங்காலும் சேர்ந்துதான் அந்தக் கோரிக்கையை எழுதியது.

கிள்ளான் போராட்டத்தின் முடிவு தெரிந்ததுதான். முன்னணியில் நின்ற ஆர்.எச். நாதன் மே 5 அன்று கைது செய்யப்பட்டு, பிறகு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். மே 16 அன்று சிலாங்கூரில் அவசர நிலை அறிவித்தார்கள். இந்தியப் படையினரையே இந்தியத் தொழிலாளர்கள் மேல் ஏவினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சைக்கிள் கோரிக்கைக்குத் தனியாகப் பதில் சொல்ல நிர்வாகங்களுக்கு அவகாசம் இருந்திருக்காது. ஏழு மாதத்தில் வேறு யாரோ பதில் சொல்லிவிட்டார்கள்.

1941 டிசம்பர் 8 அன்று கரையேறிய ஜப்பானியர், தீபகற்பத்தின் நீளத்தில் பெரும்பகுதியைச் சைக்கிளில் கடந்தார்கள். ஒரு டிவிஷனுக்கு ஏறத்தாழ 6,000 சைக்கிள். கொண்டுவந்தது போதாமல் வழியெங்கும் மக்களிடமிருந்து பிடுங்கிக்கொண்டார்கள். பிடுங்கிய வண்டிக்கு உதிரிக்குப் பஞ்சமில்லை. ஊரெங்கும் ஜப்பான் சைக்கிள்தானே ஏற்கெனவே விற்றிருந்தது. தோட்டத் தொழிலாளி தவணையில் வாங்கிய மலிவு வண்டி, அவன் அறியாமலே ஒரு படையெடுப்புக்குச் சேமிப்புக் கிடங்காக இருந்திருக்கிறது. இதைத் திட்டமிட்டவர்களில் ஒருவரான கர்னல் சுஜி போருக்குப் பின் எழுதிய நூலில் இந்த வசதியைக் குறிப்பிட்டிருக்கிறார். வெயிலில் டியூப் வெடித்தபோது வெறும் ரிம்மிலேயே ஓட்டினார்கள். தார்ச்சாலையில் நூற்றுக்கணக்கான ரிம்கள் உரசும் சத்தத்தை இருட்டில் கேட்ட எதிர்ப்படை, டாங்கி வருகிறது என்று எண்ணிப் பின்வாங்கியதுண்டு.

மலாக்கா எல்லைக்குச் சற்று வடக்கே, கெமாஸ் அருகில் இருக்கும் கெமென்சே பாலத்தில் 1942 ஜனவரி 14 அன்று ஆஸ்திரேலியப் படை காத்திருந்தது. சாரி சாரியாகச் சைக்கிள் சிப்பாய்கள் பாலத்தைக் கடக்க விட்டு, பிறகு பாலத்தைத் தகர்த்தார்கள். ஜப்பானியருக்குப் பலத்த அடிதான். ஆனாலும் கடற்கரைச் சாலை வழியாக வந்த அவர்களது இம்பீரியல் கார்ட்ஸ் டிவிஷன் அதே வாரத்தில் மலாக்காவைப் பிடித்துக்கொண்டு மூவாரை நோக்கி இறங்கியது. ஒரு மாதத்தில், பிப்ரவரி 15 அன்று, சிங்கப்பூர் வீழ்ந்தது. தொழிலாளியைச் சைக்கிளிலிருந்து இறங்கச் சொன்ன துரைமார்கள் காரில் ஏறித் தெற்கே ஓடிய சடக்கில், அவர்களைத் துரத்திக்கொண்டு ஒரு படையே சைக்கிளில் போயிற்று. லயத்து வாசலில் நின்று இதைப் பார்த்தவர்களுக்குத் துரையின் மகத்துவத்தைப் பற்றி வேறு பாடம் தேவைப்படவில்லை.

வந்தவர்கள் நல்லவர்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சயாம் மரண ரயிலுக்குத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழரைப் பிடித்துப் போனார்கள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், எழுதுவேன். இங்கே நம் கதைக்கு வேண்டியது ஒன்று. தம்பினிலிருந்து மலாக்கா நகரத்துக்கு ஓடிய கிளை ரயிலின் தண்டவாளங்களையும் பெயர்த்து அந்த மரண ரயிலுக்கே கொண்டுபோனார்கள். போருக்குப் பிறகு யாரும் அதைத் திரும்பப் போடவில்லை. மலாக்கா நகரம் ரயில் இல்லாத ஊராயிற்று. தோட்டத்திலிருந்து பட்டணம் போக மிச்சமிருந்தவை பஸ்ஸும் காலும் சைக்கிளும்.

போர் முடிந்து பிரிட்டிஷார் திரும்பியபோது தொழிற்சங்கங்கள் தலையெடுத்திருந்தன. பழைய மரியாதைகள் பழைய வேகத்தில் செல்லுபடியாகவில்லை. ஆனால் சைக்கிளுக்கு மறுபடி கண்டம் வந்தது. 1948இல் அவசரகாலம். தோட்டங்களைச் சுற்றி முள்வேலி, வாசலில் சோதனை, இரவில் ஊரடங்கு. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று வேலைக்குப் போகிறவர் மதியச் சாப்பாடு எடுத்துப் போவதையே தடுத்தார்கள். சைக்கிள் பம்பைக் கழற்றிப் பார்த்தார்கள். சீட்டைத் தூக்கிச் சட்டத்தின் குழாய்க்குள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே அரிசியோ மருந்தோ இருந்ததும் உண்டு, இல்லாதபோது அடி வாங்கியதும் உண்டு.

இந்த இருட்டு, நாட்டிலேயே முதலில் விலகியது மலாக்காவில்தான். 1953 செப்டம்பரில் மலாக்காவின் ஒரு பகுதியை முதல் ‘வெள்ளைப் பகுதி’ என்று அறிவித்து, ஊரடங்கையும் உணவுக் கட்டுப்பாட்டையும் நீக்கினார்கள். அதற்குச் சற்று முன்புதான் கொரியப் போர் ரப்பர் விலையை ஏற்றிவிட்டிருந்தது. கையில் நாலு வெள்ளி கூடுதலாகப் புரண்ட காலமும், இரவில் வெளியே போகலாம் என்ற காலமும் அடுத்தடுத்து வந்தன. தோட்டத்துத் தமிழனின் சைக்கிள் பொற்காலம் என்று ஒன்றைச் சொல்வதானால் அது இதுதான். முன் பாரில் பிள்ளை, பின் கேரியரில் மனைவி, ஹேண்டில்பாரில் பை என்று செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் மாசி மகத்துக்கும், பட்டணத்தில் ஓடும் தமிழ்ப் படத்துக்கும் ஒரே வண்டியில் போன குடும்பங்கள் எத்தனையோ. விளக்கு இல்லாமல் ஓட்டினால் மாத்தா (போலீஸ்காரர்) பிடிப்பார், லைசென்ஸ் தகடு இல்லாவிட்டாலும் பிடிப்பார். துரைக்கு இறங்காதவர் மாத்தாவுக்கு இறங்கினார். ஆனால் அது சட்டம். எல்லாருக்கும் ஒன்று.

இனி வண்டிக்கு வருவோம். பழைய சைக்கிள் வைத்திருப்பவர்கள் இந்த இடத்துக்காகத்தான் காத்திருந்திருப்பார்கள்.

மலாக்காவில் இன்று பேணப்படும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவை ராலே, ரட்ஜ், ஹம்பர், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், ஃபிலிப்ஸ் ஆகிய ஆங்கிலக் குடும்பங்களைச் சேர்ந்தவை. ராலே நாட்டிங்ஹாமில் 1880களின் கடைசியில் பிறந்த கம்பெனி. 1950களின் தொடக்கத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேல் சைக்கிள் செய்து பெரும்பகுதியை வெளிநாட்டுக்கு அனுப்பியது. பெயரெழுத்து அழிந்து, துருப்பிடித்துக் கிடந்தாலும் பெடலருகே இருக்கும் பெரிய பல்சக்கரத்தைப் பார்த்து ஜாதியைச் சொல்லிவிடலாம். மூன்று கொக்குத் தலை வெட்டியிருந்தால் ராலே. விரித்த உள்ளங்கை இருந்தால் ரட்ஜ். ஐந்து மனிதர் கைகோத்து ஓடினால் ஹம்பர். ஹம்பருக்கு முன் சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கும் இரட்டைக் குழாயாக இருக்கும். கவட்டையைப் பார்த்தே தூரத்தில் கண்டுகொள்வார்கள். சட்டத்தின் மூலைகளில் குழாய்கள் இரும்பு உறைக்குள் செருகிப் பித்தளையால் உருக்கி ஒட்டப்பட்டிருக்கும். கறுப்பு எனாமலின் மேல் ஓடும் மெல்லிய பொன் கோட்டைத் தூரிகை பிடித்துக் கையால் இழுத்தவர்கள் அந்தத் தொழிற்சாலைகளில் இருந்தார்கள். கோடு சில இடத்தில் தடித்தும் சில இடத்தில் மெலிந்தும் போவதைக் காட்டி, இது அசல் என்று இன்றைய சேகரிப்பாளர் பெருமைப்படுவது அதனால்தான்.

வயதைச் சொல்வது பின் சக்கரத்தின் நடுக்குடம். ஸ்டர்மி ஆர்ச்சர் கம்பெனியின் மூன்று கியர்க் குடம் என்றால், மேலே படிந்த மசகை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பார்த்தால் எண்கள் தெரியும். ஏ.டபிள்யூ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் 52 என்று இருந்தால் 1952இல் செய்தது. சில குடத்தில் மாதமும் இருக்கும். சட்டம் வேறு ஆண்டு, குடம் வேறு ஆண்டு என்று வருவதும் உண்டு. தோட்டத்தில் சைக்கிள் உடைந்தால் புதிது வாங்க மாட்டார்கள். பட்டணத்துக் கடையில் பழசைப் போட்டு ஓட்டுவார்கள். ஒரு வண்டியில் மூன்று கம்பெனி இருந்தால் அது போலி என்று சேகரிப்பாளர் சிலர் ஒதுக்குகிறார்கள். தோட்டத்து வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும்.

ஊரில் இருந்த சொந்தக்காரர்களும் அதே பெயர்களில்தான் ஓட்டினார்கள். சென்னை அம்பத்தூரில் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், ஹெர்குலிஸையும் ஃபிலிப்ஸையும் பி.எஸ்.ஏ.யையும் அங்கேயே செய்தது. மலாக்காவில் ஓடியது பர்மிங்காம் ஹெர்குலிஸ், மாயவரத்தில் ஓடியது அம்பத்தூர் ஹெர்குலிஸ். லூதியானாவில் இன்றும் கம்பி பிரேக் வைத்த வண்டிகளும் உதிரிகளும் தயாராகின்றன. பழைய ராலேக்கு மட்கார்டு தேடுகிறவருக்கு இது வரப்பிரசாதம், பொய்ச் சரக்கு விற்கிறவருக்கும் வரப்பிரசாதம்.

இந்த வண்டியை மலைச் சைக்கிளின் பக்கத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. உலகம் மலைச் சைக்கிளின் பிறப்பிடம் என்று சொல்வது கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தை. அங்கே டமால்பைஸ் மலையைச் சுற்றி 1970களில் சில இளைஞர்கள் 1930, 40களில் செய்த பழைய ஷ்வின் வண்டிகளைக் குப்பையிலிருந்து பொறுக்கி எடுத்தார்கள். தடித்த டயர், கனத்த சட்டம், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக். அவற்றை மலைமேல் ஏற்றிச் செம்மண் பாதையில் உருட்டிவிட்டார்கள். 1976 அக்டோபர் 21 அன்று அதையே பந்தயமாக்கினார்கள். ஏறத்தாழ 3 கிலோமீட்டரில் 400 மீட்டர் இறக்கம். பிரேக் சூட்டில் குடத்திலிருந்த கிரீஸ் புகைந்து போய்விடும், ஒவ்வொரு முறையும் புதிதாக அடைக்க வேண்டும். பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்ததே அதனால்தான். பழைய சட்டங்கள் அடிக்கடி முறிந்தன. அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977இல் தன் கையால் குழாய் அறுத்து, ஒட்டி, இந்த வேலைக்கென்றே ஒரு வண்டியைச் செய்தார். அந்த வரிசையில் அவர் செய்தவை பத்து. முதல் வண்டி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கேரி ஃபிஷர், சார்லி கெல்லி, டாம் ரிட்சி என்ற பெயர்களும் இதோடு சேர்ந்தவை. 1981இல் ஸ்பெஷலைஸ்ட் கம்பெனி ஜப்பானில் செய்து இறக்கிய ஸ்டம்ப்ஜம்பர் அதைக் கடைச் சரக்காக்கியது. 1996இல் ஒலிம்பிக்கிலும் சேர்த்தார்கள்.

அந்தக் காலத்துக் கைவேலை வண்டிகளுக்கு உலகெங்கும் பித்தர்கள் இருக்கிறார்கள். ஒட்டின் வளைவைப் பார்த்து யார் கை என்று சொல்லிவிடுவார்கள். கீறல் விழுந்த பெயின்ட்டைக்கூட மாற்ற மாட்டார்கள். அந்தக் கீறல் எந்த மலையில், எந்தப் பந்தயத்தில் விழுந்தது என்பதற்கு அவர்களிடம் கதை இருக்கிறது.

மரின் இளைஞர்கள் விளையாட்டுக்குச் செய்ததை மலாக்காத் தோட்டம் பிழைப்புக்காகச் செய்தது, அதுவும் முன்பே. கனமான ரோட் சைக்கிளைச் செம்மண் மேட்டில் ஓட்டினால் என்ன உடையும் என்று தோட்டத்துக்காரருக்குத் தெரியும். பால் வாளியைக் கட்டிக்கொண்டு ஸ்டோருக்கு ஓட்டினால் கேரியர் முறியும், பின் சக்கரக் கம்பி அறும், ஃபோர்க் வளையும். பட்டணத்துப் பட்டறையில் கொடுத்துக் கேரியருக்குத் தடித்த இரும்புக் கம்பி வைத்துப் பற்றவைப்பார்கள். ஃபோர்க்குக்கு இரண்டு பக்கமும் முட்டுக் கொடுப்பார்கள். பாருக்குக் கீழே இன்னொரு குழாய் சேர்ப்பார்கள். ரப்பர் கட்டை தேய்ந்த பெடலுக்கு மரக்கட்டை. மழைக்காலச் சேறு சக்கரத்தில் அடைத்துக்கொள்கிறது என்று மட்கார்டைக் கழற்றிவிடுவார்கள். நாட்டிங்ஹாமில் பாதியும் ஜாசினில் பாதியுமாகச் செய்த கைவேலை மலைச் சைக்கிள் அது. யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை, பந்தயம் வைக்கவில்லை, அருங்காட்சியகத்தில் வைக்கவில்லை.

1958இல் பினாங்கின் லோ பூன் சியூ ஹோண்டா மோட்டார் சைக்கிளை மலாயாவுக்குக் கொண்டுவந்தார். அடுத்த இருபது ஆண்டில் தோட்டத்துச் சைக்கிளின் இடத்தைக் கப்சாய் பிடித்துக்கொண்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போன இடத்தில் தாமானும் கோல்ஃப் திடலும் நெடுஞ்சாலையும் வந்தன. லயத்தைக் காலி செய்து அடுக்குமாடிக்குப் போனவர்கள் நாலாவது மாடிக்கு ராலேயைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. பழைய இரும்புக்காரரிடம் கிலோ கணக்கில் போயின.

தப்பியவற்றைத் தேடிப் பிடிக்கிறவர்கள் இப்போது நாடு முழுக்க இருக்கிறார்கள். மலாய்க்காரர்களிடம் இந்த ஆர்வம் மிகுதி. சுதந்திர தின ஊர்வலங்களில் பழைய காலத்து உடுப்போடு, கம்பி பிரேக் வண்டிகளில் வரிசையாக வருவார்கள். பார்க்கக் கண் நிறையும். நம்மவர்களும் அங்கொருவர் இங்கொருவராக இருக்கிறார்கள். தாத்தாவின் வண்டி என்று ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு, வேறு எதையும் வாங்காதவர்களே அதிகம். என் கணக்கில் அவர்கள்தான் உண்மையான சேகரிப்பாளர்கள். இன்னொரு பக்கம், வார இறுதியில் கார்பன் சட்டத்து மலைச் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு வந்து செம்பனைக் காட்டுச் சடக்கில் ஓட்டும் கூட்டமும் பெருகியிருக்கிறது. ஆசகான் மேட்டில் அவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறுவதைப் பார்க்கிறபோது, இதே மேட்டில் ஒரே கியரில் பால் வாளியோடு ஏறியவர்களைப் பற்றி அவர்களுக்கு யாராவது சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

பழைய வண்டிக்காரர்களிடம் எனக்கு ஒரு சண்டை உண்டு. அசலுக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி, அவர்கள் முதலில் அறுத்தெறிவது அந்தப் பற்றவைத்த கேரியரைத்தான். முட்டுக் கொடுத்த ஃபோர்க்கைக் கழற்றிவிட்டு நாட்டிங்ஹாம் ஃபோர்க் தேடுகிறார்கள். நசுங்கிய லைசென்ஸ் தகட்டைக் கழற்றிப் பெட்டியில் போடுகிறார்கள். கடைசியில் மிஞ்சுவது இங்கிலாந்துத் தொழிற்சாலையிலிருந்து நேற்று இறங்கியது போன்ற ஒரு வண்டி. அது நாட்டிங்ஹாம் வண்டி, நம் வண்டி அல்ல. நம் ஆள் அதில் ஏறினான் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அந்தக் கேரியர்.

ஆகவே வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீட்டுப் பின்கட்டிலோ, ஊரில் விட்டு வந்த பெரியப்பா வீட்டிலோ அப்படி ஒரு வண்டி கிடந்தால் இரும்புக்குப் போடாதீர்கள். புதுப் பெயின்ட்டும் அடிக்காதீர்கள். குடத்தைத் துடைத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். லைசென்ஸ் தகட்டை அது இருந்த இடத்திலேயே விடுங்கள். யார் வாங்கியது, எந்தத் தோட்டம், எந்தப் பட்டறையில் பற்றவைத்தது, எந்தச் சடக்கில் ஓடியது என்று அந்த வீட்டு மூத்தவர் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். எதிரே துரை வந்தபோது இறங்கினாரா என்பதையும் மறக்காமல் கேளுங்கள்.

அடுத்த வாரம்: தம்பின் – மலாக்கா ரயில்.